சிவந்த கண்ணுக்கெல்லாம் ஒரே மருந்தா?



எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கதவில், முட்டை அடுக்கும் தட்டின் ஓரத்தில், ஒரு சிறிய கண் சொட்டு மருந்துக் குப்பி ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகாலம் இருந்தது. அது தீர்ந்துபோனால் அதே பெயருள்ள வேறொரு குப்பி அந்த இடத்திற்கு வந்துவிடும். ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த என் தாயார் அதைக் கலிக்கம் என்பார்கள். லவோதிக்கேயா சபைக்கு எழுதப்பட்ட நிருபத்தில் அந்தச் சொல்லை வாசித்துப் பழகியவர்களுக்குக் கண்ணில் இடுகிற எதுவுமே கலிக்கம்தான். அந்தக் குப்பியினிமித்தம் எங்கள் குடும்பத்தில் நடந்த காரியத்தை இம்மாதம் உங்களுக்கு எழுத விரும்புகிறேன். நம்மில் அநேகருடைய வீடுகளிலும் இப்படி ஒரு குப்பி இருக்கிறது. ஞாயிறு மாலைகளில் வீடு சந்திக்கச் செல்லும்போது நானே கண்டிருக்கிறேன்.

நாங்கள் குமரி மாவட்டத்தார். வேலையினிமித்தம் 2006ஆம் ஆண்டில் பெங்களூர் வந்து லிங்கராஜபுரத்தில் குடியேறினோம். கடற்காற்றும் ரப்பர் தோட்டத்து ஈரமும் பழகிய உடம்பு எங்களுடையது. பெங்களூரோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இவ்வூரின் குளிர்ச்சியைப் புகழாதவர் இல்லை. இதன் வறட்சியைப் பேசுகிறவரை நான் கண்டதில்லை. பிப்ரவரி, மார்ச் மாத மதிய வேளைகளில் மாடியில் விரித்த துணி ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடுகிறது. உதடு வெடிக்கிறது. துணியைக் காயவைக்கிற அதே காற்று கண்ணீரையும் காயவைக்கும் என்பது எனக்கு நெடுநாள் தோன்றவேயில்லை.

முதலில் என் கண்களைப்பற்றிச் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. காலை ஒன்பது மணி முதல் கம்ப்யூட்டர். என் இருக்கைக்கு நேர் மேலே ஏ.சி. காற்று இறங்கும் துவாரம். மாலை நான்கு மணியானால் கண்ணில் மணலை அள்ளிப் போட்டாற்போல் உறுத்தலும் எரிச்சலும் தொடங்கும். எண்கள் மங்கும், இரண்டுமுறை இமைத்தால் மறுபடியும் தெளியும். வீட்டுக்குப் பைக்கில் திரும்பும்போது, சில்க் போர்டு சந்திப்பில் எதிர்க்காற்று முகத்தில் பட்டவுடன், இரு கண்களிலிருந்தும் நீர் தாரைதாரையாய் வழியும்.

ஞாயிறு ஆராதனையிலும் அப்படியே. மேடைக்கு இருபுறமும் பெரிய மின்விசிறிகள். நான் அமருவதோ அவற்றுக்கு நேரே. ஒருநாள் ஆராதனை முடிந்தபின் வயதான ஒரு தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ரொம்ப நாளாப் பாக்கிறேன், அழுதுகிட்டே இருக்கீங்க. என்ன பாரம்னு சொல்லுங்க, நான் ஜெபிக்கிறேன்" என்றார்கள். பாரம் ஒன்றுமில்லை அம்மா, கண்ணில்தான் கோளாறு என்று சொல்ல எனக்கு வெட்கமாயிருந்தது. அவர்களோ விடாமல் ஜெபித்தார்கள். கண்களை மூடி ஜெபித்துக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடமும் உறுத்தல் முற்றிலும் அடங்கியிருந்ததை அப்போதே கவனித்தேன். அது எவ்வளவு பெரிய தடயம் என்பது பிற்பாடுதான் விளங்கிற்று.

இரண்டாவது, எங்கள் மகன். 2014இல் பிறந்தவன். ஏழு வயது முடிந்ததும் அவனுக்குக் கண் அரிக்கத் தொடங்கியது. எனக்கு எரிச்சல், அவனுக்கு அரிப்பு. இந்த ஒரு வேறுபாட்டை நான் பொருட்படுத்தியிருந்தால் இக்கட்டுரையை எழுதவேண்டிய அவசியமே வந்திராது. முஷ்டியைக் கண்குழியில் வைத்து, மாவு பிசைவதுபோல் அவன் தேய்ப்பான். கண்ணின் வெண்மை பழுப்பேறி இருக்கும். மூலையிலிருந்து வெண்ணிறமான பீளை நூல்போல் நீண்டு வரும். வெயிலில் கண்ணைத் திறக்கமாட்டான். கூடவே தும்மல். தை, மாசி மாதங்களில் அதிகம். மழை பிடித்தால் சற்றுக் குறையும்.

எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரர் நல்ல மனிதர். அகாலத்திலும் கதவைத் திறப்பார். 2022 பிப்ரவரியில் மகனை அழைத்துச் சென்று காட்டியபோது, அவர் ஒரு குப்பியை எடுத்துத் தந்து, "ஒரு வாரம் போடுங்க அண்ணா" என்றார். இரண்டே நாளில் கண் பாலைப்போல் வெளுத்துவிட்டது. நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதைச் சொல்ல முடியாது. ஒரு வாரம் கழித்து நிறுத்தினோம். மறுவாரமே அரிப்பு திரும்பிற்று. மறுபடியும் வாங்கினோம். பிறகு நான் அவரிடம் கேட்பதையே விட்டுவிட்டேன். பழைய குப்பியைக் காட்டுவேன், புதியது கையில் வரும். என் கண் சிவந்த மாலைகளில் நானும் அதிலிருந்தே இரண்டு சொட்டு விட்டுக்கொள்வேன்.

மூன்றாவது, என் மனைவியின் தம்பி. பீனியாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். 2023 மே மாதத்தில் ஒருநாள் இரவு வலது கண்ணை மூடியபடியே வந்தார். "கிரைண்டிங் போட்டப்ப என்னமோ விழுந்துது அத்தான். பக்கத்து மெஷின்காரன் கர்ச்சீப் முனையால எடுத்துட்டான். ஆனா இன்னும் குத்துது" என்றார். நான் யோசிக்கவேயில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.

மறுநாள் காலையில் அவரால் வெளிச்சத்தையே பார்க்க முடியவில்லை. உடனே மிண்டோ கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். கே.ஆர். மார்க்கெட்டுக்கு அருகே, சாமராஜப்பேட்டையில் இருக்கும் அரசு மருத்துவமனை அது. 1896இல் தொடங்கி, 1913முதல் அந்தக் கல் கட்டடத்தில் நடந்துவருகிறது. அங்கே கருவிழியின்மேல் பதிந்திருந்த இரும்புத் துகளையும் அதைச் சுற்றிப் படிந்த துருவையும் எடுத்தார்கள். வீட்டில் என்ன மருந்து போட்டீர்கள் என்று கேட்டதற்கு என் மைத்துனர், "ஏதோ சொட்டு மருந்து" என்று சொல்லி முடித்துவிட்டார். கீறல் விழுந்த கருவிழியில் அந்தக் குப்பியின் மருந்து எவ்வளவு கேடு செய்யக்கூடும் என்பது அன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. அவர் தப்பியது பெரிய கிருபை என்றே இன்றும் எண்ணுகிறேன்.

அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கர்நாடகமெங்கும் மெட்ராஸ் ஐ பரவிற்று. பள்ளிகளில் வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கன்னடப் பத்திரிகைகளும் மெட்ராஸ் ஐ என்றே எழுதின. அலுவலகத்தில் ஒரு நண்பர், "உங்கள் ஊர்க்காரர்கள் கொண்டுவந்ததுதானே" என்று என்னைக் கேலி செய்தார். அது ஒரு வைரஸ். அதற்கு ஊரும் மொழியும் கிடையாது. என்றாலும் அந்தப் பெயர் மாத்திரம் நம்மை விடவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் மகனுக்கு வந்தது. ஒரு கண், இரண்டு நாளில் மறுகண். காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டு, வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தபிறகே திறந்தன. இம்முறை குப்பியிலிருந்த மருந்தை விட்டும் குணமில்லை. வேறு வழியின்றி அவனை ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். நடுத்தர வயதுப் பெண்மணி. கன்னடம் கலந்த தமிழில் பேசினார். இது வைரஸ், பத்துப் பதினைந்து நாளில் தானே போய்விடும், தனித் துண்டு, தனித் தலையணை உறை கொடுங்கள், கையைக் கழுவுங்கள், பார்ப்பதினால் ஒட்டாது, தொடுவதினால்தான் ஒட்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "வீட்டில் ஏதாவது மருந்து போட்டீர்களா?" என்று கேட்டார். நான் பெருமையோடு குப்பியைப் பையிலிருந்து எடுத்தேன்.

அவர் அதை வாங்கி விளக்கருகே பிடித்துச் சிறிய எழுத்துகளை வாசித்தார். "எத்தனை நாளாக?"

"விட்டுவிட்டு... ஒன்றரை வருஷமாக."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாயிருந்தது.

அந்தக் குப்பியில் ஆன்டிபயாட்டிக் மருந்தோடு டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டும் கலந்திருந்தது. வைரஸ் தொற்று இருக்கும்போது கண் அழுத்தம் பார்க்கும் கருவியை வைக்கலாகாது என்று இரண்டு வாரம் பொறுத்து வரச்சொன்னார். அந்த இரண்டு வாரம் எங்கள் வீட்டில் ஒருவரும் சரியாய் உறங்கவில்லை. பிறகு அளந்தபோது வலது கண்ணில் 29, இடது கண்ணில் 36. பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருப்பதே வழக்கமான அழுத்தம். விழியின் பின்புறம் மூளைக்குச் செல்லும் நரம்பை அவர் வெகுநேரம் பார்த்தார். பின்பு எழுந்து அறைக்கதவை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஸ்டீராய்டு சொட்டு மருந்து எதனால் சிவந்த கண்ணையும் வெளுக்கச் செய்யும். நோய் எதுவென்று அது பார்ப்பதில்லை, சிவப்பைத்தான் அடக்குகிறது. ஆகையினால்தான் அதைப்போல் நம்பத்தக்கதாய்த் தோன்றும் மருந்து வேறில்லை. ஆனால் வாரக்கணக்கில் போடும்போது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கண்ணின் உள் அழுத்தம் ஏறுகிறது. வலி இராது, சிவப்பு இராது, பார்வையும் ஆரம்பத்தில் குறையாது. நரம்பு மாத்திரம் உள்ளே சிறுகச் சிறுக நைந்துபோகும். க்ளாக்கோமா என்பார்கள். போன நரம்பு திரும்ப வருவதில்லை. வேறுசிலருக்கு இளவயதிலேயே கண்புரை உண்டாகும். கருவிழியில் காயமோ பூஞ்சைத் தொற்றோ இருக்கும்போது அதைப் போட்டால், தடுக்கவேண்டிய காவல்காரனுக்கே மயக்கமருந்து கொடுத்ததுபோலாகும். மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று அந்தக் குப்பியிலேயே அச்சிட்டிருக்கிறது. ஒன்றரை ஆண்டில் ஒருநாளாவது நான் அதை வாசித்ததில்லை. கடைக்காரரை மட்டும் குறைசொல்ல என் மனது இடங்கொடுக்கவில்லை. கேட்டவன் நான்.

ஸ்டீராய்டு எப்போதுமே கூடாது என்று நான் எழுதுவதாக நினைத்துவிடாதீர்கள். சில கண் நோய்களில் அதுதான் பார்வையைக் காக்கிறது. என் மகனுக்கு இருந்த நோய்க்கும் கடுமையான நாட்களில் சில வாரம் அதைக் கொடுப்பதுண்டு. ஆனால் அழுத்தத்தை அளந்துகொண்டே கொடுக்கவேண்டும்.

அன்றைக்கு மருத்துவர் மகனின் மேல் இமையைப் புரட்டி, அதன் உட்புறத்தைத் தம் கருவியின் வழியாய் எனக்குக் காட்டினார். கூழாங்கற்களைப் பதித்த தரைபோல் இருந்தது. அது ஒவ்வாமை, பிள்ளைகளுக்கு, விசேஷமாய் ஆண்பிள்ளைகளுக்கு, வெப்ப நாடுகளில் வருகிற ஒரு கடுமையான வகை. பெரும்பாலும் பருவ வயதைக் கடக்கும்போது அடங்கிவிடும் என்றார். காற்றிலுள்ள மகரந்தமும் தூசியும் அதைத் தூண்டும். பெங்களூரில் காலி மனைகளெல்லாம் வெள்ளைப் பூவாய்ப் பூத்துக் கிடக்கும் பார்த்தீனியத்தை நீங்கள் அறிவீர்கள். 1950களில் புனேயில் காணப்பட்டு இந்தியா முழுவதும் பரவின களை அது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் அளவுக்கு நின்றது. அதனருகேதான் அவன் கிரிக்கெட் ஆடுவான். கண்ணைத் தேய்ப்பதே ஒரு தனிக் கேடு என்பதையும் அன்றுதான் கேட்டேன். ஓயாமல் தேய்க்கும் பிள்ளைகளுக்குக் கருவிழி மெலிந்து கூம்புபோல் பிதுங்க ஏதுவுண்டு.

"நீங்களும் இதே மருந்தைத்தான் போடுகிறீர்களா?" என்று மருத்துவர் என்னிடம் திரும்பினார். ஒப்புக்கொண்டேன். அவர் கேட்ட கேள்விகளை இங்கே எழுதுகிறேன். உங்களுக்கும் அவை உதவக்கூடும்.

அரிப்பா, எரிச்சலா என்று முதலில் கேட்டார். தேய்க்காமல் இருக்கவே முடியாத அரிப்பு என்றால் பெரும்பாலும் ஒவ்வாமை. மணல் விழுந்தாற்போன்ற உறுத்தலும் எரிச்சலும் என்றால் கண் வறட்சியை நினைக்கவேண்டும். காலையில் அதிகமா மாலையில் அதிகமா என்பது அடுத்தது. நாள் ஏற ஏற வளர்ந்து மாலையில் உச்சமடைவது வறட்சியின் வழக்கம். விழித்தவுடன் அதிகமாயிருந்து, இமை ஓரங்களில் பொடுகுபோல் செதில் ஒட்டியிருந்தால் இமை விளிம்பின் அழற்சியாக இருக்கலாம். ஒரு கண்ணிலா இரண்டிலுமா? ஒவ்வாமையும் வறட்சியும் பெரும்பாலும் இரு கண்களிலும் இருக்கும். தொற்று ஒன்றில் தொடங்கி மற்றதற்குத் தாவும். ஒரே கண்ணில் திடீரென்று வந்து, அங்கேயே நின்று குத்தினால், உள்ளே ஏதோ இருக்கிறது அல்லது கருவிழியில் புண் இருக்கிறது என்று கொள்ளவேண்டும். என் மைத்துனரின் கண் நினைவுக்கு வந்தது.

என்ன வடிகிறது என்றும் கேட்டார். நூல்நூலாய் வெள்ளைப் பீளையா, மஞ்சளாய்ச் சீழ் போலவா, வெறும் நீரா? நான், "நீர் மாத்திரம், அதுவும் ஏராளமாய்" என்றேன். பிறகு, "கண்ணை மூடிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கிறது?" என்றார். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. மூடினால் சுகம், இமைத்தால் பார்வை தெளிவு, காற்றில் நீர் வழிதல். "உங்கள் கண் காய்ந்திருக்கிறது" என்றார்.

குடம் குடமாய்க் கண்ணீர் வடிக்கிற மனிதனிடம் கண் காய்ந்திருக்கிறது என்றால் யார்தான் நம்புவார்கள்? அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். கண்ணீர் வெறும் தண்ணீர் அன்று. கருவிழியோடு ஒட்டியிருக்க அடியில் ஒரு வழவழப்பு, அதனோடு கலந்த நீர், அந்த நீர் ஆவியாகிப் போகாதபடி மேலே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம். இந்த எண்ணெய் இமைகளின் விளிம்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளிலிருந்து வருகிறது. 1666இல் அவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் மைபோம் என்பவரின் பெயரே அவற்றுக்கு வழங்குகிறது. நாம் இமைக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணெய் கொஞ்சம் பிதுங்கி வந்து கண்மேல் பரவுகிறது. எண்ணெய் குறைந்தால் நீர் விரைவில் ஆவியாகும், கருவிழி காயும், அதன் நரம்புகள் அபாயம் என்று அறிவிக்கும், உடனே கண்ணீர்ச் சுரப்பி மடை திறந்தாற்போல் நீரைக் கொட்டும். அந்த வெள்ளம் கன்னத்தில் வழிந்து போகுமேயன்றிக் கண்ணில் தங்காது.

இரண்டு சோதனைகள் செய்தார். கீழ் இமையின் ஓரத்தில் சிறு காகிதப் பட்டையை ஐந்து நிமிடம் தொங்கவிட்டு, எத்தனை மில்லிமீட்டர் நனைகிறதென்று பார்த்தார். ஷிர்மர் என்னும் மருத்துவர் 1903இல் வகுத்த முறை அது. எனக்கு 14 மில்லிமீட்டர். 10க்கு மேல் இருந்ததால் நீருக்குக் குறைவில்லை என்றார். பிறகு மஞ்சள் சாயம் தொட்டு, நீல ஒளியில், இமைக்காமல் இருக்கச் சொன்னார். படலம் பத்து வினாடியாவது உடையாமல் நிற்கவேண்டும். என் கண்ணில் நான்கு வினாடியில் உடைந்தது. இமை விளிம்பை மெல்ல அழுத்தியபோது, தெளிந்த எண்ணெய்க்குப் பதிலாகப் பற்பசைபோல் ஏதோ வந்ததாம்.

இதில் பாதிக் குற்றம் கம்ப்யூட்டருடையது. ஜப்பானில் இரண்டு மருத்துவர்கள் எண்ணிப்பார்த்து 1993இல் வெளியிட்டிருக்கிறார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்திற்கு 22 தடவை இமைக்கிறவர்கள், புத்தகம் வாசிக்கையில் 10 தடவையும், கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் 7 தடவையுமே இமைத்தார்களாம். வீட்டுக்கு வந்ததும் என் மனைவியை எனக்கெதிரே உட்காரவைத்து எண்ணச் சொன்னேன். சம்பளக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நிமிடத்தில் ஐந்து. அதிலும் இரண்டு அரைகுறை என்றாள்.

மருத்துவர் எனக்கு எழுதித்தந்தது மிகவும் எளிய காரியங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை மூடிய இமைகளின்மேல் பத்து நிமிடம் வைத்து, சூடு ஆறினால் மறுபடி நனைத்து, பிறகு இமை விளிம்பை மெதுவாய்த் தடவிவிடவேண்டும். திரையைக் கண்மட்டத்திற்குக் கீழே இறக்கவேண்டும். மேல்நோக்கிப் பார்த்தால் கண் அகல விரிந்து அதிகம் காயும். ஏ.சி. துவாரத்தை வேறுபக்கம் திருப்பவேண்டும். பைக்கில் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிடவேண்டும். கண்ணீரைப்போன்ற சொட்டு மருந்து ஒன்றும் தந்தார். அடிக்கடி போடவேண்டியவர்கள் கெடாமலிருக்கச் சேர்க்கும் இரசாயனம் இல்லாத வகையைக் கேட்டு வாங்கவேண்டும் என்றார். அந்த இரசாயனமே நாளடைவில் கண்ணின் மேற்பரப்பைக் காயவைத்துவிடுமாம். சிவப்பை மட்டும் உடனே வெளுக்கவைக்கும் சொட்டு மருந்துகள் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறவை. விட்டவுடன் முன்னிலும் அதிகமாய்ச் சிவக்கும்.

நம் சபைகளிலுள்ள சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. மாதவிடாய் நின்றபிறகு கண் வறட்சி அதிகம் வருகிறது. கண்ணோடு வாயும் காய்ந்து, ரொட்டித் துண்டைத் தண்ணீரின்றி விழுங்க முடியாமல், மூட்டுகளும் வலித்தால், அது கண்ணின் நோய் மட்டுமன்று. 1933இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஷோகிரென் விவரித்த ஒரு நோயாக இருக்கக்கூடும், இரத்தப் பரிசோதனை வேண்டும். நீரிழிவு, தைராய்டு நோய் உள்ளவர்களும் கவனிக்கவேண்டும். தும்மலுக்கும் அரிப்புக்கும் போடும் சில மாத்திரைகளே கண்ணைக் காயவைப்பதுண்டு. ஒவ்வாமையும் வறட்சியும் ஒரே கண்ணில் சேர்ந்து குடியிருப்பதுமுண்டு. ஆகையால் மேலே எழுதின கேள்விகளைக்கொண்டு நாமே தீர்ப்பிட்டு மருந்து வாங்கிவிடலாகாது. மருத்துவரிடம் சரியாய்ச் சொல்வதற்கே அவை.

காத்திருக்கவே கூடாத சில அடையாளங்களும் உண்டு. நல்ல வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, இமைத்தும் தெளியாத மங்கல், கருவிழியின்மேல் வெள்ளைப் புள்ளி, கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவரின் கண் சிவத்தல், கண்ணில் உலோகமோ சுண்ணாம்போ அமிலமோ படுதல். சுண்ணாம்பு, அமிலம் பட்டால் முதலில் குழாயடியில் கால்மணி நேரத்திற்குக் குறையாமல் கழுவி, அதன்பின் ஓடவேண்டும். கட்டட வேலை செய்யும் சகோதரர்கள் இதை வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள்.

என் தாயாருக்கு இதெல்லாம் மிகவும் வருத்தம். ஊரில் நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். "மக்களே, நாங்க பூ வெச்சோம், தாய்ப்பால் விட்டோம், கண்ணு நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். பூவை மூடிய இமைமேல் வைத்தால் குளிர்ச்சிதான். கண்ணுக்குள் விடுவது எதுவானாலும், பாலானாலும் சாறானாலும், கிருமிக்கும் அங்கே வழி கிடைத்துவிடுகிறது என்று மருத்துவர் சொன்னதை அவர்களுக்குச் சொன்னேன். நம்பினார்களோ இல்லையோ, பேரனுக்குக் குளிர்ந்த நீர்த்துணி ஒற்றும் வேலையைத் தாமே ஏற்றுக்கொண்டார்கள்.

மகனுக்கு ஸ்டீராய்டை நிறுத்தி, அழுத்தம் குறைக்கும் சொட்டு மருந்தும், ஒவ்வாமைக்கு வேறுவிதமான சொட்டு மருந்தும், இரவில் ஒரு களிம்பும் கொடுத்தார்கள். முதல் மாதங்கள் கடினமாயிருந்தன. அரிப்புத் தாங்காமல், "அந்தப் பழைய மருந்தே போடுங்கப்பா" என்று அழுவான். ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு நான் செருப்பு மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போய்விட்டேன். கடையின் கதவு சாத்தியிருந்தது. தட்டினால் திறந்திருப்பார். தட்டாமல் திரும்பிவந்தேன்.

இப்போது எங்கள் ஃப்ரிட்ஜின் கதவில் அவரவர் பெயரெழுதிய தனித்தனிக் குப்பிகள் இருக்கின்றன. திறந்த தேதியும் எழுதியிருக்கிறது. ஒரு மாதமானால் மீதியிருந்தாலும் எறிந்துவிடுகிறோம். மைத்துனர் பட்டறையில் பாதுகாப்புக் கண்ணாடி போடுகிறார். முதல் வாரம் கூட வேலை செய்கிறவர்கள் 'ஹீரோ' என்று கூப்பிட்டார்களாம்.

2025 மார்ச்சில் மகனுக்கு அழுத்தம் வலதில் 15, இடதில் 17. அரிப்பும் மட்டுப்பட்டிருக்கிறது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை அவனுக்குப் பார்வைப் பரப்புச் சோதனை செய்கிறார்கள். இருட்டறையில், ஒரு வெள்ளைக் கிண்ணம்போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, எங்காவது வெளிச்சப் புள்ளி தோன்றினால் பொத்தானை அழுத்தவேண்டும். அவனுக்கு அது வீடியோ கேம் போலிருக்கிறது. "நான் ஃபாஸ்டா அழுத்தறேன் இல்லப்பா?" என்று கேட்டுக்கொண்டே அழுத்துகிறான். நான் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வலது கண்ணில் ஒன்றையும் அவன் தவறவிடுவதில்லை. இடது கண்ணில், மூக்கை ஒட்டிய பக்கத்தில், சற்று மேலே, ஓரிடத்தில் வெளிச்சம் தோன்றி மறைகிறது. அவன் விரல் அசைவதில்லை.